சேற்றில் கால் உண்டு, சிட்டாவில் பெயர் இல்லை

2023 பிப்ரவரி முதல் வாரத்தில் டெல்டா மாவட்டங்களில் பருவம் தவறிய மழை கொட்டியது. சம்பாவும் தாளடியும் அறுவடைக்குத் தயாராக நின்ற நேரம். நாகை, திருவாரூர், மயிலாடுதுறை, தஞ்சை என்று எங்கு பார்த்தாலும் கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அமைச்சர்கள் வந்து பார்த்தார்கள். அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது.

அறிவித்தது நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட கணக்கெடுப்பு எப்போது நடந்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "சிட்டா யார் பேரில் இருக்கிறது?"

அந்தப் பயிரை நாற்றுப் பறித்து நட்டவர்கள், களை எடுத்தவர்கள், வரப்பு வெட்டியவர்கள், அறுக்கக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோர் காலனித் தெருக்காரர்கள். அவர்கள் பெயரில் சிட்டா கிடையாது. மழையில் நிலக்காரருக்குப் பயிர் போனது. இவர்களுக்கு அந்தப் போகத்தின் அறுவடைக் கூலி போனது. முதல் நட்டத்தைக் குறித்துக்கொள்ள அரசிடம் படிவம் இருக்கிறது. இரண்டாவது நட்டத்துக்குப் படிவமே இல்லை. "உங்கள் பெயரில் என்னம்மா இருக்கிறது?" என்று டெல்டாவின் எந்தக் காலனியில் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: "ரேஷன் கார்டு ஒண்ணுதாங்க இருக்கு."

நாட்டின் உணவுப் பாதுகாப்புக்கு என்ன ஆபத்து என்று பள்ளி, கல்லூரிகளில் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள். மாணவர்கள் காவிரி நீர்ப் பிரச்சினையை எழுதுகிறார்கள். பருவநிலை மாற்றம், உர விலை, மீத்தேன் திட்டம், விளைநிலம் வீட்டுமனை ஆவது என்று எழுதுகிறார்கள். எல்லாம் உண்மையான ஆபத்துகளே. ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்று எப்போதும் விடுபட்டுப் போகிறது. வயலில் வேலை செய்கிறவருக்கு வயல் இல்லை. மற்ற எல்லா ஆபத்தும் இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

விவசாயி என்றால் யார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உழவுத் தொழிலில் இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் செய்பவர் சாகுபடியாளர். கூலிக்கு அடுத்தவர் நிலத்தில் வேலை செய்பவர் விவசாயத் தொழிலாளர்.

2001-இல் தமிழ்நாட்டில் சாகுபடியாளர்கள் சுமார் 51 லட்சம் பேர். 2011-இல் அது சுமார் 42 லட்சமாகக் குறைந்தது. அதே பத்து ஆண்டுகளில் விவசாயத் தொழிலாளர்கள் சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடினார்கள். அதாவது ஒரு சாகுபடியாளருக்கு இரண்டுக்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள். மாநில மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. நெல் விளையும் திருவாரூர் மாவட்டத்தில் அது 34 விழுக்காடு. மாநிலத்திலேயே இதுதான் அதிகம். நெற்களஞ்சியமும் காலனிகளும் ஒரே இடத்தில் இருப்பது தற்செயல் அல்ல. அந்த உழைப்பை வைத்துத்தான் களஞ்சியம் நிறைந்தது.

இந்தத் தொழிலாளர் விவசாயியா, இல்லையா? எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2004 முதல் 2006 வரை அறிக்கைகள் தந்தது. அதைத் தொடர்ந்து 2007-இல் மத்திய அரசு தேசிய விவசாயிகள் கொள்கையை வெளியிட்டது. அதில் 'விவசாயி' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. நிலம் வைத்திருப்பவரோடு விவசாயத் தொழிலாளர், வாரத்துக்கும் குத்தகைக்கும் பயிர் செய்பவர், ஆடு மாடு வளர்ப்பவர், மீனவர் எல்லோரும் விவசாயிகளே என்கிறது அந்தக் கொள்கை.

கொள்கையில் இப்படி இருக்கிறது. திட்டங்களில் என்ன நடந்தது?

2019-இல் வந்த பிரதமரின் கிசான் நிதித் திட்டம் ஆண்டுக்கு 6,000 ரூபாய் தருகிறது. யாருக்கு? நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பயன் பெற்றனர். நிலமில்லாதவருக்குப் பயிர்க்கடனே கிடைக்காது. கிடைக்காத கடனை எப்படித் தள்ளுபடி செய்வது? அவர் வாங்கியது மகளிர் குழுக் கடன், நுண்கடன் நிறுவனத்துக் கடன், வட்டிக்காரரிடம் கைமாற்று. அதற்குத் தள்ளுபடி இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொழிலாளரைத் தவறாமல் எண்ணுகிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் விவசாயத்தைச் சார்ந்த 11,290 பேர் தற்கொலை செய்துகொண்டனர். அதில் 5,207 பேர் சாகுபடியாளர்கள். 6,083 பேர் விவசாயத் தொழிலாளர்கள். "விவசாயிகள் தற்கொலை" என்று தலைப்பில் படிக்கும்போது நம் கண் முன் நிலக்காரர்தான் வருகிறார். இறந்தவர்களில் பாதிக்கு மேல் கூலிக்காரர்கள்.

குத்தகைக்காரரின் கணக்கு

காலனிகளில் எல்லோரும் கூலிக்கு மட்டும் போகிறவர்கள் அல்லர். ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கோ வாரத்துக்கோ எடுத்துப் பயிர் செய்யும் குடும்பங்கள் உண்டு. நிலக்காரர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்ட ஊர்களில் அந்த வயல்கள் தரிசாகாமல் இருப்பதற்கு இவர்களும் ஒரு காரணம்.

ஆனால் பெரும்பாலும் இது வாய்மொழிக் குத்தகை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்ய வகை செய்யும் 1969-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில் இருக்கின்றன. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுகிறார். எழுதிக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். இரண்டு பயமும் சேர்ந்து காகிதம் இல்லாத சாகுபடியாக நடக்கிறது.

காகிதம் இல்லையென்றால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் இல்லை. பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் சேருவதற்கு ஆவணம் கேட்கிறார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டையைக் கொண்டுபோனால் சிட்டா, அடங்கல் கேட்கிறார்கள். நிலக்காரர் மனம் வைத்து நகல் கொடுத்தால் உண்டு. இல்லாவிட்டால் களத்துமேட்டுக்கே வரும் வியாபாரியிடம் அரசு விலைக்குக் குறைவாகத் தள்ளிவிட வேண்டியதுதான். வெள்ளம் வந்தால் நிவாரணம் நிலக்காரர் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அவர் நல்லவராக இருந்தால் பாதியாவது கைக்கு வரும்.

இப்படி இரண்டு போகம் நட்டப்பட்ட குடும்பம் மூன்றாவது போகத்துக்கு நிலம் எடுப்பதில்லை. பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். வயல் தரிசாகிறது, அல்லது மனையாகிறது. உணவு உற்பத்தி குறைவது இப்படித்தான் ஊருக்கு ஊர், ஏக்கர் ஏக்கராக நடக்கிறது. இதை யாரும் தலைப்புச் செய்தியாகப் போடுவதில்லை.

போகிறவன் கையை மட்டும் கொண்டுபோகவில்லை. எந்த மடையை எப்போது திறக்க வேண்டும், எந்த வயலில் தண்ணீர் வடியாது, எந்த மண்ணுக்கு எந்த நெல் தாங்கும் என்ற அறிவையும் கொண்டுபோகிறான். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டியாக இருந்து தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஊர் முழுக்கத் தண்ணீரைப் பாய்ச்சியவருக்குத் தன் பெயரில் பாய்ச்ச ஒரு வயல் இருந்ததில்லை. அந்த வேலைக்கு அடுத்த தலைமுறையிலிருந்து ஆள் வராததில் என்ன ஆச்சரியம்?

வெண்மணிக்குப் பிறகு

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் செய்த குற்றம், சங்கமாகச் சேர்ந்து கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டது. 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

அந்தத் தீக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1971-இல் குடியிருக்கும் மனையைத் தொழிலாளருக்கே சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம். இரண்டும் பெரிய வெற்றிகள். நிலக்காரரின் மனையில் குடியிருந்தவரை இரவோடு இரவாக வெளியேற்ற முடியாத நிலை அதனால்தான் வந்தது.

கூலி வந்தது, மனை வந்தது. வயல் வரவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்து, 1970-இல் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. ஆனால் பினாமிப் பெயர்களும் அறக்கட்டளைகளுக்கான விலக்குகளும் அதன் பல்லைப் பிடுங்கின.

வெண்மணிக்கு நேரில் வந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சையிலேயே தங்கினார்கள். 1981-இல் லாப்டி என்ற உழுபவரின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரரிடம் பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களுக்கு ஏக்கர் அளவில் பிரித்துக் கொடுத்தார்கள். பதிவு பெண்கள் பெயரில் நடந்தது. சிட்டாவில் பெயர் ஏறிய அந்தக் குடும்பங்கள் இன்று நிவாரணம் கேட்கலாம், பயிர்க்கடன் கேட்கலாம், கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நிற்கலாம். ஒரு ஏக்கர் காகிதம் செய்கிற மாற்றம் அது.

வயல் இறால் குட்டையானபோது

நிலம் இல்லாதவருக்கு அந்த நிலத்தைப் பற்றி வாய் திறக்கவும் உரிமை இருப்பதில்லை. 1990-களின் தொடக்கத்தில் நாகைக் கடலோரத்தில் இது கண்கூடாகத் தெரிந்தது. வெளியூர் கம்பெனிகள் வந்து வயல்களை வாங்கி இறால் குட்டை வெட்டின. விற்றவருக்குப் பணம் கிடைத்தது. நடவுக்கும் அறுப்புக்கும் கூட்டமாக ஆள் தேவைப்பட்ட இடத்தில் ஒரு சில காவலாளிகள் போதும் என்றானது. கடல்நீரைக் குட்டையில் தேக்கியதால் பக்கத்து வயல்களிலும் குடிநீர்க் கிணறுகளிலும் உப்பு ஏறியது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைதூரம் நடந்தார்கள்.

ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் வழக்குகளில் முக்கியமானது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற வேண்டும், விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது, கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும், வேலை இழக்கும் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் ஈட்டுத்தொகை தர வேண்டும் என்றது தீர்ப்பு. ஆனால் 2005-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, ஆணையத்தில் பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது.

2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துத் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை போடுகிறது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அந்த மண்டலத்தில் உழைப்பவருக்கு ஒரு சென்ட் நிலமாவது உறுதி என்று அதில் எந்தப் பிரிவும் இல்லை. நிலம் இருக்கும், அதில் இறங்க ஆள் இருக்க மாட்டார் என்ற நிலை வந்தால் அந்தச் சட்டம் எதைக் காப்பாற்றும்?

கொடுத்த நிலம் எங்கே?

தலித்துகளுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த கோரிக்கை இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் தந்த அறிக்கையை அடுத்து 1892-இல் சென்னை மாகாண அரசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அந்த விற்பனை செல்லாது. இவ்வளவு தெளிவான நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போனது. கடனுக்கு, மிரட்டலுக்கு, கைநாட்டுக்குப் போனது.

1994 அக்டோபர் 10-இல் காரணைப் பஞ்சமி நில மீட்புக்காகத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். சட்டப்படி தங்களுடையதைத் திருப்பிக் கேட்டதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

பஞ்சாபில் ஒரு வழி

முடியுமா என்று கேட்பவர்களுக்கு வடக்கே ஒரு பதில் இருக்கிறது. பஞ்சாபில் பட்டியல் சாதியினர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 32 விழுக்காடு. நாட்டிலேயே அதிகம். நாட்டுக்குக் கோதுமையும் நெல்லும் தரும் அந்த மாநிலத்திலும் நிலம் பெரும்பாலும் மற்றவர்களிடமே. ஆனால் அங்கே 1961-ஆம் ஆண்டின் கிராமப் பொதுநிலச் சட்டம் ஒன்று உண்டு. ஊராட்சிக்குச் சொந்தமான சாகுபடி நிலத்தைக் குத்தகை ஏலம் விடும்போது மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கே என்று அதன் விதி சொல்கிறது.

பல ஆண்டுகள் அது ஏட்டில்தான் இருந்தது. நிலக்காரர் ஒரு தலித் பெயரில் ஏலம் எடுத்துத் தானே பயிர் செய்வார். 2014 வாக்கில் சங்ரூர் மாவட்டத்தில் தலித் மாணவர்களும் தொழிலாளர்களும் நிலம் பெறும் போராட்டக் குழுவாகத் திரண்டார்கள். பினாமி ஏலத்தைத் தடுத்தார்கள். தடியடி பட்டார்கள், சிறை போனார்கள். பல ஊர்களில் நிலத்தைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிர் செய்தார்கள். அங்கே பெண்கள் சொன்ன முதல் மாற்றம் நெல்லும் அல்ல, கோதுமையும் அல்ல. மாட்டுக்குப் புல் அறுக்க இனி நிலக்காரர் வரப்பில் ஏச்சு வாங்க வேண்டியதில்லை என்பதுதான்.

நம் பக்கத்திலும் கோயில், மடம், அறக்கட்டளைக்குச் சொந்தமான வயல்கள் டெல்டா முழுக்க இருக்கின்றன. அவற்றைக் குத்தகைக்கு விடும்போது அந்த ஊரின் நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு, குறிப்பாகப் பெண்கள் குழுக்களுக்கு ஒரு பங்கை உறுதி செய்தால் என்ன? யாருடைய பட்டாவும் பறிபோகாது. குத்தகை நிலத்துக்கே போகும். வயலில் நிற்பவருக்குக் காகிதம் கிடைக்கும்.

நாம் செய்ய வேண்டியது

அரசு செய்யும் வரை காத்திருக்காமல் நாம் தொடங்கக்கூடிய வேலைகள் சில உண்டு.

முதலாவது, தாட்கோ வழியாக நடக்கும் 'நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டம்'. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடி விவசாயத் தொழிலாளர் பெண்கள் நிலம் வாங்க 50 விழுக்காடு மானியம். உச்ச அளவு 5 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டண விலக்கும் உண்டு. டெல்டா நன்செய் விலைக்கு இந்த மானியம் போதாது என்பது உண்மை. ஆனாலும் இந்தத் திட்டம் இருப்பதே தெரியாத காலனிகள் ஏராளம். படித்த பிள்ளைகள் தங்கள் தெருப் பெண்களை அழைத்துக்கொண்டு மாவட்டத் தாட்கோ அலுவலகத்துக்கு ஒரு நாள் போய் வர வேண்டும்.

இரண்டாவது, ஊரின் 'அ' பதிவேடு. புல எண் தெரிந்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பட்டா, 'அ' பதிவேடு விவரங்களைப் பார்க்கலாம். பழைய பதிவேடுகளில் பஞ்சமி நிலம் டி.சி. நிலம் என்று குறிக்கப்பட்டிருக்கும். பழைய பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்துக் கேட்கலாம். தாத்தா காலத்தில் ஊரில் நமக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்று தெரியாமல் எதையும் மீட்க முடியாது.

மூன்றாவது, கிராமசபை. ஊரில் குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுத்து, பேரிடர் நிவாரணத்தில் உண்மையான சாகுபடியாளருக்கும், வேலை இழந்த தொழிலாளருக்கும் பங்கு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு தீர்மானத்தால் சட்டம் மாறிவிடாது. ஆனால் படிவத்தில் இல்லாத நட்டம் முதல்முறையாக ஒரு காகிதத்தில் ஏறும்.

டெல்டாவில் விளையும் நெல் கொள்முதல் நிலையம், அரவை ஆலை, கிடங்கு எல்லாம் சுற்றி, இலவச ரேஷன் அரிசியாகக் காலனிக்கே திரும்பி வருகிறது. அரிசி வருவது நல்லதுதான். அது உரிமை, யாருடைய கருணையும் இல்லை. ஆனால் அந்த நெல்லை நட்ட பெண் தன் பெயர் இருக்கும் ஒரே அட்டையை நீட்டித்தான் அதை வாங்க வேண்டியிருக்கிறது. அவர் பெயர் சிட்டாவிலும் ஏறும் வரை, இந்த நாட்டின் உணவு பத்திரமாக இருக்கிறது என்று யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.